உங்கள் போனில் ஒரு எண் இருக்கிறது

இரவு எட்டு மணி. இட்லிக் கடையில் கூட்டம் குறைந்துவிட்டது. கடைக்கார அம்மா பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். அதில் ஒரு செய்தி வந்திருந்தது.

"அன்பான வாடிக்கையாளரே! உங்கள் வங்கி ஆப் பழையது. புதிய பதிப்பு 3.9 வந்துவிட்டது. இன்று இரவு 12 மணிக்குள் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் கணக்கு முடக்கப்படும். கீழே உள்ளதைத் தொடவும்."

அந்த அம்மாவுக்கு நெஞ்சு படபடத்தது. கணக்கில் 11,000 ரூபாய் இருந்தது. குழுக் கடன் தவணையை அதிலிருந்துதான் கட்ட வேண்டும். மகளின் கல்லூரிக் கட்டணமும் அதில்தான் இருந்தது.

விரல் அந்தச் செய்தியின் பக்கம் போனது. பிறகு நின்றது. அவர் எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போனார். அங்கே கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள்.

"கண்ணு, இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லு. பேங்க் ஆப் பழசாம். உடனே மாத்தணுமாம்."

"உங்க ஆப் என்ன பதிப்பு அத்தை?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"உங்க போனிலேயே எழுதியிருக்கு அத்தை. நான் இடத்தைக் காட்டுறேன். நீங்களே படிங்க. இப்பதான் படிக்கக் கத்துக்கிட்டீங்களே!"

அந்த அம்மா என்ன படித்தார்? பிறகு என்ன செய்தார்? கடைசியில் பார்ப்போம். அதற்கு முன் நாமும் அந்த எண்ணைப் பார்க்கக் கற்றுக்கொள்வோம்.

பதிப்பு என்றால் என்ன?

ஒரு புத்தகத்தைக் கையில் எடுங்கள். முதல் பக்கத்தைப் புரட்டுங்கள். "முதற் பதிப்பு", "இரண்டாம் பதிப்பு" என்று போட்டிருக்கும். பக்கத்தில் ஆண்டும் இருக்கும்.

முதற் பதிப்பில் சில தவறுகள் இருந்திருக்கும். ஓர் எழுத்து விட்டுப் போயிருக்கும். ஒரு கணக்குத் தப்பாக இருந்திருக்கும். அடுத்த முறை அச்சிடும்போது அவற்றைத் திருத்துகிறார்கள். புதிதாக ஒரு பாடமும் சேர்க்கிறார்கள். அதுதான் இரண்டாம் பதிப்பு. புத்தகத்தின் பெயர் அதேதான். உள்ளே இருப்பது கொஞ்சம் மாறியிருக்கிறது.

போனில் இருக்கும் ஆப்பும் அப்படித்தான். ஆப் என்பது என்ன? போன் என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வைத்த கட்டளைகள். "இந்தப் படத்தைத் தொட்டால் இதைக் காட்டு. இந்தப் பொத்தானை அழுத்தினால் செய்தியை அனுப்பு." இப்படி ஆயிரக்கணக்கான கட்டளைகள் இருக்கும். இதை மென்பொருள் என்றும், செயலி என்றும் சொல்வார்கள்.

இந்தக் கட்டளைகளை எழுதுவது மனிதர்கள்தான். அதனால் தவறுகள் வரும். தவறு தெரிந்ததும் திருத்துகிறார்கள். திருத்தியதை வெளியிடும்போது அதற்குப் புதிய எண் கொடுக்கிறார்கள். அதுதான் பதிப்பு எண். ஆங்கிலத்தில் வெர்ஷன் என்பார்கள்.

எண்களைப் பார்த்து வாங்குவது நமக்குப் பழக்கம்தான். மாத்திரை அட்டையில் காலாவதி மாதத்தைப் பார்க்கிறோம். கேஸ் சிலிண்டரிலும் ஓர் எழுத்தும் எண்ணும் இருக்கும். கைப்பிடி வளையத்துக்குக் கீழே உள்ள பட்டையில் பாருங்கள். பி 28 என்று இருந்தால், 2028ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் மாதத்துக்குள் அந்தச் சிலிண்டரை மறுபடி சோதிக்க வேண்டும் என்று பொருள். அந்த எண் நம் பாதுகாப்புக்காகப் போட்டது. பதிப்பு எண்ணும் அதுபோலத்தான்.

எண்ணைப் படிப்பது எப்படி?

பதிப்பு எண்ணில் புள்ளிகள் வரும். 2.9 என்று இருக்கும். 2.19.134 என்றும் இருக்கும். இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள்.

ஒரு கேள்வி. 2.9, 2.19 இந்த இரண்டில் எது புதியது?

2.9 என்று சொல்லத் தோன்றும். ஏன்? நமக்கு ரூபாய், பைசாக் கணக்கு பழக்கம். 2.90 ரூபாய் பெரியது. 2.19 ரூபாய் சிறியது. ஆனால் பதிப்பு எண் பைசாக் கணக்கு அல்ல.

இப்படி யோசித்துப் பாருங்கள். ஒருவர் பாடம் 2, பக்கம் 9 வரை படித்திருக்கிறார். இன்னொருவர் பாடம் 2, பக்கம் 19 வரை படித்திருக்கிறார். யார் அதிகம் படித்தவர்? 19ஆம் பக்கத்தில் இருப்பவர்தானே! பதிப்பு எண்ணையும் அப்படித்தான் படிக்க வேண்டும்.

புள்ளியை ஒரு சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவருக்கு இந்தப் பக்கம் ஓர் எண். அந்தப் பக்கம் ஓர் எண். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் படியுங்கள்.

முதல் எண்ணை முதலில் ஒப்பிடுங்கள். எது பெரியதோ அது புதியது. இரண்டும் ஒன்றாக இருந்தால் அடுத்த எண்ணுக்குப் போங்கள். அதுவும் ஒன்றாக இருந்தால் அதற்கு அடுத்த எண்ணுக்குப் போங்கள்.

2.9, 2.19. முதல் எண் இரண்டிலும் 2. அடுத்தது 9, 19. பத்தொன்பது பெரியது. ஆகவே 2.19தான் புதியது.

வாட்ஸ்அப்பில் இன்னொரு வசதி உண்டு. ஆண்ட்ராய்டு போனில் அதன் பதிப்பு எண் 2 என்று தொடங்கும். அடுத்த எண் ஆண்டைக் காட்டும். 2.19 என்றால் 2019ஆம் ஆண்டில் வந்தது. 2.24 என்றால் 2024. 2.25 என்றால் 2025. உங்கள் போனில் எந்த ஆண்டின் வாட்ஸ்அப் இருக்கிறது? பார்த்த உடனே சொல்லிவிடலாம். மற்ற ஆப்களில் இந்த முறை இருக்காது. எப்படி எண் போடுவது என்பதை அந்தந்த நிறுவனம் முடிவு செய்கிறது.

எங்கே பார்ப்பது?

போனில் இரண்டு வகை எண்கள் உண்டு. ஒன்று போனுக்கே உரிய எண். இன்னொன்று ஒவ்வோர் ஆப்புக்கும் உரிய எண்.

முதலில் போனின் எண்ணைப் பார்ப்போம். நம் நாட்டில் பெரும்பாலான தொடுதிரை போன்களில் இருப்பது ஆண்ட்ராய்டு. போனை இயக்குவதே அதுதான். அதற்கும் பதிப்பு எண் உண்டு.

1. செட்டிங்ஸைத் திறங்கள். பல் சக்கரம் போலப் படம் இருக்கும். போனைத் தமிழில் வைத்திருந்தால் "அமைப்புகள்" என்று இருக்கும்.

2. கடைசி வரை கீழே தள்ளுங்கள். "அபவுட் போன்" என்று ஒரு வரி இருக்கும். தமிழில் என்றால் போனைப் பற்றியது என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். சில போன்களில் இது மேலேயே இருக்கும். அதைத் தொடுங்கள்.

3. அங்கே "ஆண்ட்ராய்டு வெர்ஷன்" என்று இருக்கும். அதன் பக்கத்தில் இருப்பதுதான் எண். சில போன்களில் "சாப்ட்வேர் இன்பர்மேஷன்" என்பதைத் திறந்தால் தெரியும்.

ஐபோனாக இருந்தால் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று வரிசையாகப் போக வேண்டும்.

இனி ஆப்பின் எண்ணைப் பார்ப்போம்.

1. ஆப்பின் படத்தின் மேல் விரலை வைத்து அப்படியே அழுத்திப் பிடியுங்கள்.

2. சிறிய பட்டியல் வரும். "ஆப் தகவல்" என்பதைத் தொடுங்கள். சில போன்களில் வட்டத்துக்குள் ஒரு சிறு கோடும் புள்ளியும் இருக்கும். அதுவும் இதுதான்.

3. திறக்கும் பக்கத்தில் மேலேயோ, கடைசியில் கீழேயோ பதிப்பு எண் இருக்கும்.

ஆங்கிலம் படிக்க வராதே என்று தயங்க வேண்டாம். 1, 2, 3 என்ற எண்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் நம் போனில் ஒன்றுதான். போனின் மொழியைத் தமிழுக்கு மாற்றியும் வைத்துக்கொள்ளலாம்.

பழைய பதிப்பு இருந்தால் என்ன?

"என் போன் நன்றாகத்தானே வேலை செய்கிறது? எண்ணை எதற்குப் பார்க்க வேண்டும்?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. உண்மையில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம்.

2019ஆம் ஆண்டு மே மாதம். வாட்ஸ்அப்பில் ஒரு பெரிய ஓட்டை இருப்பது வெளியே தெரிந்தது. வாட்ஸ்அப் அழைப்பு மூலமாக ஒருவர் போனுக்குள் உளவு மென்பொருளை அனுப்ப முடிந்தது. அழைப்பை எடுக்க வேண்டியதே இல்லை. மணி அடித்தாலே போதும். உளவு மென்பொருள் உள்ளே வந்துவிட்டால் செய்திகளைப் படிக்கலாம். மைக்கை இயக்கிப் பேச்சைக் கேட்கலாம்.

உலகம் முழுவதும் சுமார் 1,400 பேரின் போன்கள் குறி வைக்கப்பட்டன என்று வாட்ஸ்அப் சொன்னது. இந்தியாவில் பத்திரிகையாளர்களும், மனித உரிமைப் பணி செய்பவர்களும் அதில் இருந்தார்கள். அந்த மென்பொருளைச் செய்த இஸ்ரேல் நிறுவனத்தின் பெயர் என்எஸ்ஓ. அதன் மேல் 2019 அக்டோபரில் வாட்ஸ்அப் அமெரிக்காவில் வழக்குப் போட்டது. 2024 டிசம்பரில் அந்த நிறுவனம்தான் பொறுப்பு என்று நீதிமன்றம் சொன்னது.

ஓட்டை தெரிந்ததும் வாட்ஸ்அப் என்ன செய்தது? அதை அடைத்தது. புதிய பதிப்பை வெளியிட்டது. ஆண்ட்ராய்டு போனில் அதன் எண் 2.19.134. அப்போது உலகில் சுமார் 150 கோடிப் பேர் வாட்ஸ்அப் வைத்திருந்தார்கள். எல்லோரையும் புதிய பதிப்புக்கு மாறச் சொன்னார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஒருவர் போனில் 2.19.98 இருந்தது. இன்னொருவர் போனில் 2.19.134 இருந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். அதே பச்சைப் படம். அதே எழுத்து. ஆனால் ஒரு வீட்டில் கதவு திறந்து கிடக்கிறது. இன்னொரு வீட்டில் பூட்டியிருக்கிறது. வேறுபாடு எண்ணைப் பார்த்தால்தான் தெரியும்.

பழைய போன் வாங்கப் போகிறீர்களா?

புதிய போன் விலை அதிகம். அதனால் பலர் கைமாறி வந்த போனை வாங்குகிறார்கள். கடைக்காரர் மேலே துடைத்துப் பளபளப்பாக வைத்திருப்பார். உள்ளே எவ்வளவு பழையது என்று எப்படித் தெரியும்? ஆண்ட்ராய்டு எண்ணைப் பாருங்கள்.

ஆண்ட்ராய்டு 5 வந்தது 2014இல். 10 வந்தது 2019இல். 12 வந்தது 2021இல். 14 வந்தது 2023இல். 16 வந்தது 2025இல்.

முன்பெல்லாம் ஒவ்வொரு பதிப்புக்கும் இனிப்புப் பண்டத்தின் பெயரையும் வைத்தார்கள். 4.4க்கு கிட்கேட் என்று பெயர். 5க்கு லாலிபாப் என்று பெயர். 2019 முதல் எண்ணை மட்டும்தான் சொல்கிறார்கள்.

எண் ஏன் முக்கியம்? மிகப் பழைய ஆண்ட்ராய்டில் புதிய ஆப்கள் ஓடாது. 2020 பிப்ரவரி 1 முதல், ஆண்ட்ராய்டு 2.3.7 அல்லது அதற்குக் கீழே உள்ள போன்களில் வாட்ஸ்அப் நின்றுபோனது. 2025ஆம் ஆண்டில் வாட்ஸ்அப் ஓட ஆண்ட்ராய்டு 5.0 ஆவது வேண்டும் என்று ஆகிவிட்டது. இந்த எல்லை ஆண்டு போகப் போக மேலே ஏறும். வங்கி ஆப்களும் இப்படி எல்லை வைக்கின்றன.

எல்லாப் போனிலும் புதிய ஆண்ட்ராய்டைப் போட முடியாது. போன் செய்த நிறுவனம் சில ஆண்டுகள் வரைதான் புதிய பதிப்பு கொடுக்கும். அப்புறம் நிறுத்திவிடும். ஆகவே பணம் கொடுக்கும் முன்பே போனைக் கையில் வாங்குங்கள். செட்டிங்ஸைத் திறங்கள். எண்ணைப் படியுங்கள். அதே இடத்தில் பாதுகாப்புப் புதுப்பிப்பு என்று ஒரு தேதியும் இருக்கும். கடைசியாக எப்போது ஓட்டைகளை அடைத்தார்கள் என்பதை அது காட்டும். தேதி நான்கு, ஐந்து ஆண்டுக்கு முந்தியது என்றால் அந்தப் போன் வேண்டாம். அதில் வங்கிக் கணக்கு வைப்பது நல்லதல்ல.

புதிய பதிப்பை எங்கே வாங்குவது?

ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை மாற்றச் சரியான இடம் பிளே ஸ்டோர். அதைத் திறந்து ஆப்பின் பெயரைத் தேடுங்கள். "புதுப்பி" அல்லது "அப்டேட்" என்ற பொத்தான் இருந்தால் புதிய பதிப்பு வந்திருக்கிறது. தொடுங்கள். "திற" அல்லது "ஓப்பன்" மட்டும் இருந்தால் உங்கள் போனுக்கு இப்போது புதிதாக எதுவும் இல்லை. இதற்குப் பணம் கட்ட வேண்டாம். இன்டர்நெட் மட்டும் செலவாகும்.

பக்கத்து வீட்டுக்காரர் போனில் எண் கொஞ்சம் வேறாக இருக்கலாம். பயப்பட வேண்டாம். புதிய பதிப்பை எல்லோருக்கும் ஒரே நாளில் கொடுப்பதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுப்பார்கள்.

இந்த வழியை விட்டு வேறு வழியில் வரும் எதையும் தொடாதீர்கள். மோசடிக்காரர்கள் வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பை அனுப்புவார்கள். அதன் பெயர் முடியும் இடத்தில் புள்ளி வைத்து ஏ, பி, கே என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். அது படம் அல்ல. கடிதமும் அல்ல. அது ஓர் ஆப். திருமண அழைப்பிதழ் என்பார்கள். வண்டிக்கு அபராதம் என்பார்கள். வங்கி ஆப்பின் புதிய பதிப்பு என்பார்கள். தொட்டு உள்ளே விட்டால் உங்கள் செய்திகளைத் திருடும். வங்கி அனுப்பும் ஓடிபி எண்ணையும் எடுத்துக்கொள்ளும். பணம் போய்விடும்.

பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இது நாடு முழுவதற்கும் உரிய உதவி எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது. பணம் கை மாறும் முன் தடுக்க முடியும். உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள்.

இட்லிக் கடை அம்மா என்ன செய்தார்?

பக்கத்து வீட்டுப் பெண் இடத்தைக் காட்டினாள். அந்த அம்மா வங்கி ஆப்பின் படத்தை அழுத்திப் பிடித்தார். "ஆப் தகவல்" திறந்தது. கீழே தள்ளிக்கொண்டே போனார். கடைசியில் எண் இருந்தது. விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார்.

"மூணு... புள்ளி... பன்னிரண்டு."

"செய்தியில என்ன போட்டிருக்கு அத்தை?"

"மூணு புள்ளி ஒன்பது. ஒன்பதுதானே பெரிசு?"

"புள்ளிக்கு அந்தப் பக்கத்தைத் தனியாப் பாருங்க. பன்னிரண்டு பெரிசா? ஒன்பது பெரிசா?"

அந்த அம்மா ஒரு நிமிடம் யோசித்தார். முகம் மலர்ந்தது.

"அட! என்கிட்ட இருக்கிறதுதான் புதுசு. பழசைக் காட்டிப் புதுசுங்கிறானே!"

பிறகு பிளே ஸ்டோரையும் பார்த்தார்கள். "திற" என்று மட்டும் இருந்தது. அந்த அம்மா செய்தியை அழித்தார். அனுப்பிய எண்ணையும் தடுத்து வைத்தார்.

"செய்தியில 3.15ன்னு போட்டிருந்தா என்ன பண்ணியிருப்பே?" என்று கேட்டார்.

"அப்பவும் அதைத் தொடக்கூடாது அத்தை. பெரிய எண்ணை யார் வேணும்னாலும் எழுதலாம். பிளே ஸ்டோர்லதான் பார்க்கணும்."

மறுநாள் அந்த அம்மா கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினார். போனின் எண் ஒரு வரி. வாட்ஸ்அப் எண் ஒரு வரி. வங்கி ஆப் எண் ஒரு வரி. பக்கத்தில் தேதி. இப்போது மாதம் ஒரு முறை அவரே பார்த்து எழுதுகிறார்.

நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்

பதிப்பு எண் உங்கள் போனிலேயே இருக்கிறது. யாரையும் கேட்காமல் நீங்களே படிக்கலாம்.

புள்ளி ஒரு சுவர். ஒவ்வோர் எண்ணையும் தனியாக ஒப்பிடுங்கள்.

புதிய பதிப்பு பிளே ஸ்டோரில் மட்டும். செய்தியில் வரும் கோப்பில் அல்ல.

மோசடி நடந்தால் 1930.

செய்து பாருங்கள்

1. எது புதியது? 2.24.9, 2.24.18.

2. எது புதியது? 4.4.4, 5.0.

3. எது புதியது? 3.10, 3.9.

4. உங்கள் போனின் ஆண்ட்ராய்டு எண் என்ன? அது எந்த ஆண்டில் வந்தது?

5. உங்கள் வாட்ஸ்அப் எந்த ஆண்டின் பதிப்பு? எண்ணைப் பார்த்து நோட்டில் எழுதுங்கள். பக்கத்து வீட்டாருக்கும் பார்க்கக் கற்றுக்கொடுங்கள்.

விடைகள்: 1. 2.24.18. 2. 5.0. 3. 3.10. நான்காவது, ஐந்தாவது விடைகள் உங்கள் கையில் இருக்கின்றன.